வெளிநாட்டுப் பயணத்தில் கைபேசிச் சேவை: ரோமிங்கா, அங்கே வாங்கும் சிம்மா, ஈசிம்மா?

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி, இராமேசுவரம் என்று நம் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டுப் பயணம் இல்லாத வீடு குறைவு. உம்ராவுக்குப் புறப்படும் பெற்றோர், சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் தாய், கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் வியாபாரி, விசிட் விசாவில் துபாய்க்கு வேலை தேடிப் போகும் இளைஞர் என்று பலரும் டிக்கெட் எடுத்த மறுநாளே கேட்கும் கேள்வி, போனுக்கு என்ன ஏற்பாடு செய்வது என்பதுதான். நண்பரோ உறவினரோ தமக்கு ஒத்துவந்ததையே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்கள். மேலே சொன்ன நால்வருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதால், எதை வைத்து முடிவெடுப்பது என்பதை முதலில் வகுத்துக்கொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலோர் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி, எத்தனை ரூபாய் என்ற கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் உங்கள் இந்திய எண்ணுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதே. வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ, கார்டு ஆகிய அனைத்தும் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கட்டினாலும், ஊரில் இருக்கும் மனைவிக்குப் பணம் அனுப்பினாலும், திரும்பும் விமான டிக்கெட்டின் தேதியை மாற்றினாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனவருக்கு, இணைய வசதி எவ்வளவு இருந்தாலும் ஓடிபி கிடைக்காது.

இரண்டாவது, ஊரிலிருந்து உங்களை அழைக்கப்போவது யார் என்பது. வாட்ஸ்அப் பழகிய பிள்ளைகள் மட்டும் அழைப்பார்கள் என்றால் உங்கள் கைபேசியில் நெட் இருந்தால் போதும். பட்டன் போன் வைத்திருக்கும் எண்பது வயது உம்மாவோ அப்பத்தாவோ அழைப்பார் என்றால், அவருக்கு மனப்பாடமான பழைய எண் உயிரோடு இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, கையில் இருக்கும் கருவி. இரண்டு சிம் போடும் கைபேசி என்று சொல்லி விற்கப்பட்டவற்றில் பல, இரண்டாவது இடத்தை மெமரி கார்டுக்கும் சிம்முக்கும் பொதுவாக வைத்திருக்கும். ஊசியால் சிம் வைக்கும் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: முதல் குழியில் சிம், அடுத்த குழியில் படங்கள் எல்லாம் அடங்கிய மெமரி கார்டு. இரண்டாவது சிம் போட வேண்டுமென்றால் அந்தக் கார்டை எடுத்தாக வேண்டும். அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே ஏற்றும் சிம்மான ஈசிம் வசதி உண்டா என்பதை அறிய *#06# என்று அழுத்திப் பாருங்கள். கைபேசியின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்ற நீண்ட எண்ணும் தெரிந்தால் உங்கள் கைபேசி ஈசிம் ஏற்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை.

நான்காவது, போகும் நாட்டின் நிலை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 3ஜியும் 2024இல் நின்றுவிட்டது. ஆகவே ஊரில் நன்றாக வேலை செய்யும் 2ஜி பட்டன் போன், சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் எந்த சிம்மைப் போட்டாலும் சிக்னல் எடுக்காது. மலேசியா 2021 இறுதியில் 3ஜியை மூடியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கோபுரங்களுக்குக் குறைவில்லை என்றாலும், வாட்ஸ்அப் வழியாகப் பேசுவது அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றுக்குப் பிறகுதான் எத்தனை நாள் பயணம், எவ்வளவு நெட் தேவை, எவ்வளவு செலவு என்ற கணக்கு வரும்.

இந்திய சிம்மிலேயே ரோமிங்

இந்திய சிம்மையே வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்துவதுதான் ரோமிங். இதில் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. புறப்படுவதற்கு முன் நிறுவனத்தின் செயலியில் போகும் நாட்டுக்குரிய பேக்கைப் போட்டுவிட்டு, இறங்கியதும் டேட்டா ரோமிங் என்ற பொத்தானைத் திறந்தால் முடிந்தது. எண் மாறாது, ஓடிபி வரும், பட்டன் போன் வைத்திருக்கும் உம்மா வழக்கம்போல அழைக்கலாம். தனியாகப் பயணம் செய்யும் முதியவருக்கு, அந்நிய ஊரில் கடை தேடி, பாஸ்போர்ட்டைக் கொடுத்து, தெரியாத மொழியில் பேச வேண்டிய நிலை வராது. இந்த நிம்மதிக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம். குறுகிய பயணத்துக்கு அது நியாயமான விலை என்றே நான் நினைக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுகளைக் கவனிக்க வேண்டும். ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் கட்டணம் விழலாம். பல பேக்குகளில் உள்ள நிமிடங்கள் அதிலும் கழியும். அங்கிருந்து இந்தியாவுக்குப் பேசுவதும் அந்த நாட்டுக்குள் பேசுவதும் பேக்கில் அடங்கியிருந்தாலும், மூன்றாவது நாட்டுக்குப் பேசினால் தனிக் கட்டணம் விழும். எல்லையில்லாத நெட் என்று எழுதியிருக்கும் பேக்குகளில், குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகம் குறைந்துவிடும். விமானத்திலும் கப்பலிலும் கிடைக்கும் செயற்கைக்கோள் சேவையைச் சாதாரண நாட்டு பேக்குகள் ஏற்பதில்லை. கப்பலில் ஏறியதும் கைபேசியை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

நம் பகுதியினர் பலர் மதுரையிலிருந்து கொழும்பு வழியாகச் சிங்கப்பூருக்கோ மற்ற இடங்களுக்கோ போகிறார்கள். கட்டுநாயக்காவில் விமானம் மாறும் சில மணி நேரத்தில் ரோமிங்கைத் திறந்து வைத்தால், இலங்கையும் அடங்கிய பேக்காக இருக்கும்போது அதன் நாள் கணக்கு அங்கேயே தொடங்கிவிடலாம். இலங்கை அடங்காத பேக்காக இருந்தால் பேக்குக்கு வெளியே உள்ள கட்டணம் விழலாம். சேரும் ஊர் வரும்வரை விமான நிலைய வைஃபையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னொரு செய்தி தெரிந்திருக்கும். அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். அரிச்சல்முனைப் பக்கம் நம் டவர் பலவீனமாகும் இடத்தில் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்து, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்ற குறுஞ்செய்தியைக் காட்டுவதுண்டு. ரோமிங்கைத் திறந்து வைத்திருப்பவர், பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் அதை அணைக்காமல் விட்டால், தன் ஊர்க் கரையில் நின்றபடியே வெளிநாட்டுக் கட்டணம் கட்ட நேரும். கடலுக்குள் போகும் மீனவர்களுக்கும் இது பொருந்தும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில் விடாமல் தங்கள் நிறுவனத்தின் பெயரையே தேர்ந்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

போன இடத்தில் வாங்கும் சிம்

பத்து நாளுக்கு மேல் தங்குபவருக்கும், நெட் அதிகம் தேவைப்படுபவருக்கும் பெரும்பாலும் இதுவே மலிவு. இலங்கையில் டயலாக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் ஆகியவையும், சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா ஆகியவையும், மலேசியாவில் மேக்சிஸ், செல்காம்டிஜி, யு மொபைல் ஆகியவையும், அமீரகத்தில் எதிசலாத், டு ஆகியவையும், சவூதியில் எஸ்டிசி, மொபைலி, ஜெயின் ஆகியவையும் சேவை தருகின்றன. உள்ளூர் எண் இருந்தால் டாக்ஸிக்காரரும், தங்கும் விடுதியும், வேலைக்கு நேர்காணல் வைப்பவரும் தயங்காமல் அழைப்பார்கள். வேலை தேடிப் போகும் இளைஞர் தன் விவரக் குறிப்பில் இந்திய எண்ணை மட்டும் போட்டால் பாதி அழைப்புகள் வராமலே போகலாம். அவருக்கு உள்ளூர் சிம் அவசியச் செலவு.

பாஸ்போர்ட் இல்லாமல் எங்கும் சிம் கேட்க வேண்டாம். சவூதியில் கைரேகையும் பதிவு செய்கிறார்கள். வேலைசெய்து கை தேய்ந்த முதியவர்களுக்கு ரேகை எளிதில் பதிவதில்லை என்பதால், கூட ஒருவர் நின்று பொறுமையாக முடித்துக்கொடுக்க வேண்டியிருக்கும். வேறொருவர் தன் பெயரில் எடுத்த சிம்மை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதுபோலவே, யார் எவ்வளவு கெஞ்சினாலும் இந்திய சிம்களைக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு உடன்படாதீர்கள். இணைய மோசடிக் கும்பல்களுக்கு அப்படி சிம் கொண்டுபோனவர்கள் வழக்கில் சிக்கியிருக்கிறார்கள்.

விமான நிலையக் கடையில் சுற்றுலா சிம் என்று விற்பது, ஊருக்குள் விற்பதைவிடப் பெரும்பாலும் விலை கூடுதலாகவும், நாள் குறைவாகவும் இருக்கும். ஆனாலும் நள்ளிரவில் இறங்கும் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் விலை பெரிதல்ல. கட்டுநாயக்காவில் வெளியே வரும் வழியிலேயே கடைகள் உண்டு. ஆனால் யாழ்ப்பாணப் பக்கம் பலாலி விமான நிலையத்திலோ, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போய்க் காங்கேசன்துறையிலோ இறங்குபவர்கள் அதே வசதியை எதிர்பார்த்துப் போகாமல், ஊருக்குள் போய்ச் சேரும்வரை ஏதேனும் ஒரு மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய ஆபத்து, கழற்றிய இந்திய சிம் தொலைந்துபோவது. விரல் நகத்தளவு சிம் அது. பர்சின் காசு அறையில் போட்டால் நாணயத்தோடு நாணயமாகக் கீழே விழுந்துவிடும். கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பாஸ்போர்ட் உறையின் உட்புறத்தில் செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள். இரண்டு சிம் கைபேசியாக இருந்தால் கழற்றவே வேண்டாம். இந்திய சிம் முதல் இடத்திலேயே இருக்கட்டும். புதிய சிம்மை இரண்டாவதில் போட்டு, நெட் முழுவதையும் புதியதிலிருந்து எடுக்கும்படி அமைத்து, இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்து, ஒரு சிம்மில் நெட் குறைந்தால் மற்றதற்குத் தானாக மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அந்தக் கடைசி அமைப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்பாராத கட்டணம் அந்த வழியாகத்தான் வரும். புதிய சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில வாரங்களில் காலாவதியாகும் சுற்றுலா எண்ணோடு வாட்ஸ்அப்பையோ வங்கியையோ இணைப்பது பிற்பாடு பெரிய சிக்கலாகும்.

இந்திய எண்ணுக்கு ஓடிபி மட்டும் வர வேண்டும் என்றால், இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சர்வதேச ரோமிங் இயக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் குறுஞ்செய்தியும் வரும். புறப்படுமுன் வாடிக்கையாளர் சேவையில் இந்த இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அழைப்பு வந்தால் எடுக்காமல், வாட்ஸ்அப்பிலோ உள்ளூர் சிம்மிலோ திருப்பி அழைக்கலாம். மணி அடிப்பதற்குக் கட்டணம் இல்லை.

ஈசிம்

ஈசிம்மில் அட்டை கிடையாது. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சேவை கைபேசிக்குள்ளேயே ஏறிவிடும். இந்திய சிம் இருந்த இடத்திலேயே இருக்கும், மெமரி கார்டையும் எடுக்க வேண்டாம், சேரும் ஊரில் கடை தேட வேண்டாம். ஓடிபிக்கு இந்திய சிம், நெட்டுக்கு ஈசிம் என்ற பங்கீட்டுக்கு இதைவிட வசதியான வழி இல்லை.

குறைகளும் உண்டு. பயண ஈசிம் பலவும் நெட் மட்டுமே தரும், பேச எண் இருக்காது. அதை ஏற்றுவதற்கே இணையம் வேண்டும் என்பதால், ஊரில் வீட்டு வைஃபையில் ஏற்றிவிட்டு, அங்கே இறங்கிய பிறகு இயக்க வேண்டும். தவறுதலாக அழித்துவிட்டால் பல நிறுவனங்களின் ஈசிம்மை மறுபடி ஏற்ற முடியாது. கைபேசி உடைந்தாலோ திருடுபோனாலோ வேறு கைபேசிக்கு மாற்றுவதும் எளிதல்ல.

யாரிடம் வாங்குவது என்பதும் முக்கியம். வெளிநாட்டு நிறுவனங்களின் சிம்களை இந்தியாவில் விற்க, தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற பெயர்பெற்ற இரண்டு ஈசிம் செயலிகள் இந்தியாவில் முடக்கப்பட்டதற்குக் காரணம் அந்தச் சான்று இல்லாததுதான். முகநூலில் வரும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டாமல், அனுமதி பெற்ற விற்பனையாளரிடமோ, போகும் நாட்டின் நிறுவனத்திடம் நேரடியாகவோ வாங்குங்கள். தொழில்நுட்பம் பழகிய இளையவர்களுக்கு இது நல்ல வழி. தனியாகப் போகும் பெற்றோருக்கு இதை ஏற்பாடு செய்வதானால், நெட் நின்றுபோனால் எதை அழுத்த வேண்டும் என்று ஒருமுறையாவது அவர்களையே செய்யவைத்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

வைஃபையை மட்டும் நம்புவது

உறவினர் வீட்டில் தங்கி அவர்களோடே வெளியே போய் வருபவருக்கு மட்டுமே இது போதும். குழுவில் ஒருவர் பெரிய பேக் போட்டு மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பதும் செலவைக் குறைக்கும். சுற்றுலாவில் அதில் தவறில்லை. உம்ரா, ஹஜ் பயணங்களில் இதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். கஃபாவை வலம்வரும் தவாஃபின் நெரிசலில் கணவரிடமிருந்து பிரிந்துவிட்ட பெண்மணியின் கைபேசி, ஹாட்ஸ்பாட் கொடுத்தவர் பத்தடி விலகியதும் வெறும் கடிகாரமாகிவிடும். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை கைபேசியும் தனித்தனியாகப் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

யாருக்கு எது

கொழும்புக்கு மூன்று நான்கு நாள் போகும் வியாபாரிக்கு ரோமிங் பேக் போதும். 2024 பிப்ரவரி முதல் இலங்கைக் கடைகளில் கியூஆர் வழியாக யுபிஐயில் பணம் செலுத்த முடிகிறது. அதற்கு இந்திய எண் கைபேசியில் இருக்க வேண்டும், செயலியில் சர்வதேசப் பயன்பாட்டை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும், கையில் நெட்டும் வேண்டும். எண்ணையும் நெட்டையும் ரோமிங் ஒன்றே தந்துவிடுகிறது. மாதக்கணக்கில் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ உறவினரோடு தங்குபவர் உள்ளூர் சிம் எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகும் தாய்க்கு, மகளே அங்கு ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்கி வைத்திருப்பது நல்லது. அவரிடம் இருப்பது பட்டன் போன் என்றால் 4ஜி கைபேசி ஒன்றும் வேண்டும். 2ஜி, 3ஜி இரண்டும் இல்லாத நாட்டில் ரோமிங்கில் குரல் அழைப்பு வர, இரு நிறுவனங்களுக்கும் இடையே, 4ஜி வழியாகவே குரலைக் கொண்டுபோகும் வோல்டிஇ முறையில் ரோமிங் ஏற்பாடு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்காமல் பேக் போட வேண்டாம்.

துபாய்க்குப் போகிறவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர் சிம்மின் நெட் அந்த நாட்டுக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்பதால், வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், நேரடியாகப் பேச முடியாது. பாட்டிம் போன்ற அனுமதிக்கப்பட்ட செயலிகளைத்தான் அங்குள்ளவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஊரில் இருப்பவர்களின் கைபேசியிலும் அதே செயலியைப் புறப்படுமுன் ஏற்றிக் காட்டிக்கொடுங்கள். இந்திய சிம்மின் ரோமிங் நெட் வழக்கமாக இந்தியாவிலுள்ள தாய் நிறுவனத்தின் வழியாகவே சுற்றி வருவதால், அதில் நிலைமை வேறாக இருப்பதுண்டு. தடையைத் தாண்ட விபிஎன் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அங்கே அதற்குக் கடுமையான அபராதம் உண்டு.

உம்ரா செல்பவர்களுக்கு இணையம் ஆடம்பரமல்ல. மதீனாவில் நபி பள்ளிவாசலின் ரவ்ளா பகுதியில் தொழுவதற்கான அனுமதியைச் சவூதி அரசின் நுசுக் செயலியில் எடுக்க வேண்டும். குழுத் தலைவர் எடுத்துக்கொடுத்தாலும், அவரவர் கைபேசியில் அது இருப்பது நல்லது. இளையவர் கூட வந்தால் சவூதி சிம்மும், ஓடிபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் இந்திய சிம்முமாகப் போகலாம். முதியவர்கள் மட்டும் போனால், விலை சற்றுக் கூடினாலும் ரோமிங் பேக்கே என் தேர்வு.

நீண்ட காலம் தங்குவோரின் இந்திய எண்

விசிட் விசாவில் போய் வேலை கிடைத்துத் தங்கிவிடும் சபுராளிகள் (வெளிநாட்டில் பிழைப்பவர்கள்) பலர், ஒரு கட்டத்தில் இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை விட்டுவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் மூடிவிடலாம். 20 ரூபாய்க்குக் குறையாத இருப்பு இருந்தால் மூடக்கூடாது. மூடப்பட்ட எண் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். அதன்பின் உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபியை யாரோ பார்த்துக்கொண்டிருப்பார். 2024 டிசம்பரில் டிராய் செய்த திருத்தத்தின்படி, நெட் இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக்குகளை நிறுவனங்கள் கொடுத்தாக வேண்டும். அத்தகைய பேக்கை 365 நாள் வரையும் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரின் எண்ணைக் காக்க இதுவே ஏற்ற வழி. வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், சவூதி, அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023 முதல் அனுமதி இருக்கிறது. ஆனால் ஆதாரில் பதிவாகியிருப்பது அந்த இந்திய எண்தான் என்பதால், அடுத்த விடுமுறை வரையாவது பழைய எண்ணுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஊரிலுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.